வாங்கிய துப்பாக்கியை வீடு கொண்டுவருதல்: பயிர்க் காவலுக்கான ஆயுதமும் அதற்குரிய தஸ்தாவேஜுகளும்

மலையடிவாரத்து ஊர்களில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் குடியானவருக்கு இரவு உறக்கம் என்பது இல்லை. பரண் கட்டிக் காவல் இருப்பார், தகரம் தட்டுவார், வேட்டு வெடிப்பார், நாய்களை அவிழ்த்து விடுவார். விடியற்காலையில் கண் சற்று அயர்ந்தால் போதும், பன்றிக் கூட்டம் இறங்கி ஆறு மாத உழைப்பைக் கிளறிப் போட்டுவிட்டுச் சென்றுவிடும். மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு எதுவும் இதற்கு விலக்கன்று. இந்த நிலையில், "கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்" என்ற எண்ணம் விவசாயியின் மனத்தில் எழுவது இயற்கையே. நமது வட்டாரத்தில் பஞ்சாயத்துக் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் இதைப் பற்றிய கேள்வி ஒன்றாவது எழாமல் இருந்ததில்லை.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெறுவது எப்படி என்பதைப் பலரும் கேட்டறிகின்றனர். பெற்ற பிறகு, வேறொருவரிடமிருந்து துப்பாக்கியை விலைக்கு வாங்கி, அதைத் தம் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது எப்படி என்பதைக் கேட்போர் மிகச் சிலரே. தொல்லை பெரும்பாலும் அந்த இடைவழியிலேதான் நேருகிறது. ஆகவே இக்கட்டுரையில் அந்த இடைவழியைப் பற்றியே விரிவாகக் கூற எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் நடந்த நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். மூன்று ஏக்கர் மேட்டு நிலம் உடைய விவசாயி ஒருவர். வயது ஐம்பதுக்கு மேல். ஊரில் நல்ல பெயர் பெற்றவர். பல மாதங்கள் அலைந்து பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ் பெற்றார். அடுத்த மாவட்டத்தில் அவருக்குத் தூரத்து உறவான பெரியவர் ஒருவரிடம் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதுவும் லைசென்ஸ் உள்ளதே. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டார். "உனக்குத்தான் லைசென்ஸ் வந்துவிட்டதே மாப்பிள்ளை, இதை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லி, விலையைப் பேசி, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். நம் விவசாயி துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, தக்காளிக் கூடைகள் ஏற்றிச் சென்ற வண்டி ஒன்றில் கூடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நிறுத்தப்பட்டது.

அவர் தம் லைசென்ஸை எடுத்துக் காட்டினார். அதில் துப்பாக்கியின் எண் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. லைசென்ஸ் செல்லும் பரப்பு என்ற இடத்தில் அவருடைய கிராமத்தின் பெயரும் சர்வே எண்களும் மட்டுமே கண்டிருந்தன. சாவடியோ அங்கிருந்து வெகு தூரம். பெரியவரின் லைசென்ஸ் பெரியவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கையெழுத்திட்ட தாளில் விலை இருந்ததே தவிர, துப்பாக்கியின் அடையாளம் ஒன்றும் இல்லை. துப்பாக்கி கைப்பற்றப்பட்டது, இருவர்மீதும் வழக்குப் பதிவாயிற்று. அறுவடை நேரத்தில் நீதிமன்றத்திற்கும் ஊருக்குமாக அவர் நடந்ததை நாம் நேரில் கண்டோம். "லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, பணம் என்னுடையது, கொடுத்தவரும் லைசென்ஸ் உள்ளவர், பிறகு என்ன குற்றம் ஐயா?" என்று அவர் நம் அலுவலக வாயிலில் நின்று கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது. அக்கேள்விக்கு அன்று நாம் அளித்த விடை அரைகுறையானது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் சட்டத்தைப் படித்துப் பார்த்து அறிந்ததை இங்கே முறைப்படுத்தித் தருகிறோம்.

நம் நாட்டில் ஆயுதங்களைப் பற்றிய பழைய சட்டம் ஆங்கிலேயர் காலத்தில், 1878-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின்னர் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இப்போது செல்லுபடியாகும் விதிகள் 2016-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டவை. 2019-ஆம் ஆண்டில் சட்டத்திற்குப் பெரியதொரு திருத்தமும் வந்தது. பழைய துப்பாக்கி வைத்திருப்போரில் பலர் தம் தந்தையார் காலத்து வழக்கத்தையே சட்டம் என்று நம்பிக்கொண்டிருப்பதால் இந்த ஆண்டுகளைக் குறிப்பிட்டோம்.

சட்டத்தின் 3-ஆம் பிரிவில் மூன்று செயல்கள் தனித்தனியே சொல்லப்பட்டுள்ளன: துப்பாக்கியைப் பெறுதல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல். இம்மூன்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். நம் மக்கள் "வைத்திருத்தல்" ஒன்றையே நினைக்கின்றனர். வீட்டில் இருக்கும்போது லைசென்ஸ் இருந்தால் போதும் என்று கருதுகின்றனர். ஆனால் விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாறும் அந்த நொடியில் "பெறுதல்" நிகழ்ந்துவிடுகிறது. வண்டியில் ஏறிய உடனே "எடுத்துச் செல்லுதல்" தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு நிலையிலும் காகிதம் கையில் இருக்கவேண்டும் என்பது இதனாலேயே.

விவசாயிகளுக்கு அனுகூலமான ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, குழலின் வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்கும் குடிமகனுக்கு லைசென்ஸ் வழங்கவேண்டும் என்று கூறுகிறது. அவ்வகைத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், குழல் நீளம் 20 அங்குலத்திற்குக் குறையாத, உட்புறம் வரியில்லாத வேறு துப்பாக்கிக்கும் அளிக்கலாம். விண்ணப்பதாரருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கலாகாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லுகிறது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்கவேண்டும். பொதுநலனுக்கு மாறாக இல்லாதவரை, கேட்டால் சுருக்கமாகத் தெரிவிக்கவும் வேண்டும். மேல்முறையீடும் உண்டு. சிறு விவசாயி இவ்விஷயத்தில் கூனிக் குறுகி நிற்கவேண்டிய அவசியம் இல்லை. விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் நகல்களையும், பயிர்ச் சேதம் நேர்ந்த விவரத்தையும், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பது நலம். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை பெற்ற பின்னரே அதிகாரி முடிவு செய்வார். 21 வயது நிறையாதவருக்கு லைசென்ஸ் கிடையாது. 2019 திருத்தத்தின்படி லைசென்ஸின் காலம் 5 ஆண்டுகள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு மட்டுமே. முன்பு மூன்று வரை வைத்திருக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவரின் கடிதம் ஒருவர் இன்ன ஊரில் வாழ்கிறார், இன்ன நிலத்தைப் பயிரிடுகிறார், இன்ன சேதம் நேர்ந்தது என்பதற்குச் சாட்சியாகும். அதற்குமேல் அக்கடிதத்திற்கு வலிமை இல்லை. துப்பாக்கி வைத்துக்கொள்ளவோ கொண்டுவரவோ பஞ்சாயத்து அனுமதி அளிக்க இயலாது. "தலைவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிச் சாவடியில் நின்றவரையும் நாம் பார்த்திருக்கிறோம். தலைவருக்கும் அதனால் சங்கடமே விளைந்தது.

இனி விற்பனை. துப்பாக்கியைக் கடையில் வாங்கினால் கடைக்காரர் தம் உரிமத்தின்படி புத்தகத்தில் பதிந்து, ரசீது கொடுத்து, நம் லைசென்ஸில் குறிப்பும் எழுதுவார். தனியாரிடம் வாங்கும்போது இவற்றை எல்லாம் இருவரும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் 5-ஆம் பிரிவு 2-ஆம் உட்பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒருவர் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை, அதை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள வேறொருவருக்கு வியாபார உரிமம் இன்றியே விற்கலாம் என்கிறது. ஆனால் நிபந்தனை இரண்டு உண்டு. விற்க எண்ணும் செய்தியையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தபின் 45 நாட்களுக்குக் குறையாத காலம் கழியவேண்டும். நாம் முன்னே சொன்ன பெரியவர் இந்த இரண்டையும் அறிந்தவர் அல்லர். இவ்வாறு தெரிவிக்காமலோ காலம் கழியுமுன்னரோ விற்பவருக்கு 6 மாதம் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது.

45 நாட்களை எண்ணுவதிலும் பிழை நேருவதுண்டு. கடிதம் எழுதிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்ற நாளிலிருந்து எண்ணவேண்டும். சூன் முதல் தேதி கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 45-ஆம் நாள் சூலை 16. ஆகவே 17-ஆம் தேதிக்கு முன்னர் துப்பாக்கி கைமாறலாகாது. இடையில் வாங்குபவர் வீட்டில் "பத்திரமாக இருக்கட்டும்" என்று வைப்பதும் கைமாறுதலே.

கடிதத்தை எப்படி எழுதுவது என்று பலர் தயங்குகின்றனர். இவ்வாறு எழுதினால் போதும்:

"ஐயா, எனக்கு ........ தேதியில் வழங்கப்பட்ட ........ எண்ணுள்ள லைசென்ஸின்படி நான் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் பொறிக்கப்பட்ட செய்தவர் பெயர் ........, எண் ......... அத்துப்பாக்கியை ........ மாவட்டம், ........ வட்டம், ........ கிராமத்தில் கதவிலக்கம் ........ இல் வசிக்கும் ........ என்பவரின் குமாரர் ........ என்பவருக்கு விற்க எண்ணியுள்ளேன். அவருக்கு ........ தேதியில் வழங்கப்பட்ட லைசென்ஸின் எண் ......... ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு 2-ஆம் உட்பிரிவின்படி இதனைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். இரு லைசென்ஸ்களின் நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

இதனை மூன்று படிகள் எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்ற இரண்டிலும் முத்திரை பெறுக. ஒன்று விற்பவருக்கு, மற்றொன்று வாங்குபவர் பயணத்தில் உடன் கொண்டு செல்வதற்கு. தபாலில் அனுப்புவோர் ஒப்புகை கிடைக்கும் முறையில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கடிதம் எழுதுமுன்னரே துப்பாக்கியைக் கையில் எடுத்து நன்றாகப் பார்க்கவேண்டும். செய்தவர் பெயரோ எண்ணோ வேறு அங்கீகரித்த அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் 8-ஆம் பிரிவு தடை செய்கிறது. எண் அழிந்த துப்பாக்கி எவர் கையில் இருக்கிறதோ அவரே அதை அழித்தார் என்று, மாறாக நிரூபிக்கும்வரை, சட்டம் ஊகித்துக்கொள்ளும். பழைய துப்பாக்கிகளில் துருவேறி எண் மங்கியிருத்தல் சாதாரணம். 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படித்துவிடுவர். சிறிது எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் இருவராகப் படித்து, விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணோடு ஒப்பிடுக. ஒவ்வாவிட்டால் வாங்குவதை நிறுத்தி, முதலில் விற்பவர் அதைத் திருத்திக்கொள்ளச் செய்யவேண்டும். உறவினர் கொல்லர் பட்டறையில் செய்து வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதன் அருகிலும் போகவேண்டாம். அதற்கு எந்தக் காகிதத்தாலும் உயிர் கொடுக்க முடியாது.

காலம் கழிந்தது, விலை கொடுத்தாயிற்று. விற்பனைச் சீட்டில் இருவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண்கள், துப்பாக்கியின் வகை, செய்தவர் பெயர், எண், விலை, கைமாறிய தேதி, இடம் ஆகியவை இருக்கவேண்டும். சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டால் நல்லது. இனி வீடு வரும் பயணம்.

முதலாவதாக, யார் கொண்டுவருவது? லைசென்ஸ் பெற்றவரே நேரில் சென்று கொண்டுவர வேண்டும். "நமக்கு வேலை இருக்கிறது, பையனை அனுப்பலாம்" என்று எண்ணுவது பெருந்தவறு. லைசென்ஸ் உள்ளவர் முன்னிலையிலோ, அவருடைய எழுத்து மூலமான அதிகாரத்தின் பேரிலோ, லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று 3-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மையே. அது பழுது பார்க்கவும், லைசென்ஸைப் புதுப்பிக்கவும், லைசென்ஸ் உள்ளவரின் உபயோகத்திற்காகவும் என்ற மூன்றுக்கு மட்டும் உரியது. புதிதாக விலைக்கு வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவருதல் அங்கே சொல்லப்படவில்லை. மகன் கையில் கடிதம் கொடுத்தனுப்பி, அவனையும் வழக்கில் சிக்கவைத்த தந்தை உண்டு.

இரண்டாவது, லைசென்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பது. தற்காப்புக்கான லைசென்ஸ் சில மாவட்டம் முழுமைக்கும், சில மாநிலம் முழுமைக்கும் அளிக்கப்படும். பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸோ பெரும்பாலும் குறிப்பிட்ட நிலத்தையும் கிராமத்தையும் ஒட்டியதாகவே இருக்கும். லைசென்ஸ் உள்ளவர் தம் சொந்த உபயோகத்துக்கான ஆயுதத்தைத் தாமே உடன் எடுத்துச் செல்வதற்குத் தனியான போக்குவரத்து லைசென்ஸ் வேண்டுவதில்லை என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது, அவர் செல்லும் வழி முழுவதும் அந்த ஆயுதத்தை வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ளவராக இருந்தால்தான் பொருந்தும். பரப்பு தம் கிராமத்தோடு நின்றுவிடுகிறவருக்கு அடுத்த மாவட்டத்துச் சாலையில் அந்தத் தகுதி எங்கிருந்து வரும்? நம் விவசாயியின் கேள்விக்கு உரிய விடை இங்கேதான் இருந்தது.

ஆகையால், வாங்கச் செல்வதற்கு முன்னரே தமக்கு லைசென்ஸ் வழங்கிய அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். இன்னாரிடமிருந்து, இன்ன எண்ணுள்ள துப்பாக்கியை, இன்ன தேதியில், இன்ன வழியாக, இன்ன வாகனத்தில் கொண்டுவர எண்ணுகிறேன் என்று விவரித்து, எழுத்து மூலமான அனுமதி கேட்கவேண்டும். விற்பவரின் லைசென்ஸ் இரண்டு மாவட்டங்களுக்கும் செல்லுமாயின், அவரே துப்பாக்கியைக் கொண்டுவந்து வாங்குபவரின் ஊரில் ஒப்படைப்பது அதைவிட எளிது. நமது வட்டாரத்தில் பின்னர் ஒருவர் இம்முறையையே பின்பற்றினார். விற்பவருக்குப் பேருந்துச் செலவும் ஒரு வேளை விருந்தும்தான் கூடுதல் செலவு.

மூன்றாவது, துப்பாக்கி காலியாக இருக்கவேண்டும். இது சட்டத்தைவிட உயிரைப் பொறுத்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். தோட்டாத் துப்பாக்கியை மடித்துப் பார்த்தால் உள்ளே தோட்டா இருப்பது தெரிந்துவிடும். குழல் வாயில் மருந்திடும் துப்பாக்கியில் அவ்வாறு தெரியாது. சென்ற ஆண்டு கெட்டித்த மருந்தும் ரவையும் அப்படியே உள்ளே இருக்கக்கூடும், வைத்தவரே மறந்திருப்பார். கெட்டிக்கும் கோலைக் குழலுக்கு வெளியே பக்கத்தில் வைத்து, அடிப்பகுதி வரை எட்டும் நீளத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் மெதுவாகக் குழலுக்குள் இறக்குக. குறி வாய்க்கு மேலே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அப்போது குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல், பழக்கமுள்ள விற்பவரையோ துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் பெற்றவரையோ கொண்டு அகற்றவேண்டும். அது முடியும்வரை பயணம் இல்லை. தட்டினால் வெடிக்கும் கேப்பைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கருமருந்தைப் பேருந்திலோ இரயிலிலோ ஏற்றலாகாது. விற்பவரிடம் மீந்த மருந்தை "சேர்த்து எடுத்துக்கொள்" என்று கொடுத்தாலும் வாங்கவேண்டாம். லைசென்ஸில் குறித்த அளவுக்கு உட்பட்டு, உரிமம் பெற்ற கடையில் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, மறைத்தல் கூடாது, ஆனால் மூடவேண்டும். இது முரண்பாடுபோல் தோன்றும். 2016 விதிகளின்படி பொது இடத்தில் துப்பாக்கியை அதற்குரிய உறையில் முழுதும் மூடி, தம் கட்டுப்பாட்டிலேயே வைத்து எடுத்துச் செல்லவேண்டும். கான்வாஸ் உறையில் இட்டுக் கையில் வைத்திருப்பது மூடுதல். தக்காளிக் கூடைக்கடியில் சாக்கில் சுற்றி வைப்பது மறைத்தல். லைசென்ஸ் இருந்தபோதிலும், சந்தேகத்துக்கு இடமான முறையில் ஆயுதம் கொண்டுசெல்பவரைப் பிடியாணை இன்றிக் கைது செய்யவும் ஆயுதத்தைக் கைப்பற்றவும் 20-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. போலீசாருக்கு மட்டுமன்றி, இரயிலிலும் வாகனங்களிலும் பணிபுரிவோருக்கும் அந்த அதிகாரம் உண்டு என்பதை நினைவில் கொள்க. போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டவேண்டியது கடமை. வீட்டில் இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. மூலப் பத்திரத்தையே கொண்டு செல்லவேண்டும். அத்துடன் விற்பவரின் லைசென்ஸ் நகல், முத்திரை பெற்ற அறிவிப்புக் கடிதம், விற்பனைச் சீட்டு, பயண அனுமதி ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருப்பது வழக்கமாகட்டும். வழியில் திருமண வீடு, சந்தை, உறவினர் வீடு என்று இறங்குவது ஆகாது. மகிழ்ச்சியின் பொருட்டு வானை நோக்கிச் சுட்டுப் பார்ப்பதும் 2019 திருத்தத்திற்குப் பின் தனிக் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி அவ்வாறு சுடுவோருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

வீடு சேர்ந்தபின் காரியம் முடிந்துவிடவில்லை. துப்பாக்கியையும் காகிதங்களையும் லைசென்ஸ் அதிகாரியிடம் காட்டி, எண்ணை லைசென்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் பதிவு செய்துகொள்க. விற்பவரும் தம் லைசென்ஸிலிருந்து அத்துப்பாக்கியை நீக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் தேர்தல் காலத்தில் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி உத்தரவு வரும்போது, விற்றுவிட்ட துப்பாக்கிக்காக அவர் வீட்டுக் கதவு தட்டப்படும். லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி பெறுவோர், வைத்திருப்போர், எடுத்துச் செல்வோருக்கு 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் இப்போது விதிக்கப்படலாம். லைசென்ஸின் நிபந்தனையை மீறுவோருக்கு 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ. ஒரு வழக்கு இவற்றுள் எதன்கீழ் வரும் என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். எதன்கீழ் வந்தாலும் வழக்கறிஞர் கட்டணம் ஒரு போகத்தின் வரும்படியை விழுங்கிவிடும்.

இவ்வளவும் செய்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தபிறகு, "இனிப் பன்றியைச் சுடலாம் அல்லவா?" என்று கேட்பர். கூடாது. ஆயுத லைசென்ஸ் வேறு. வன விலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, பயிருக்குக் கேடு விளைவிக்கும் விலங்கைச் சுடத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அதிகாரியோ எழுத்து மூலம் அனுமதி அளிக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு சனவரியில் அரசு அறிவித்த முறையின்படி, காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். விவசாயி தாமாகச் சுடும் உரிமை இதில் இல்லை. கொங்கு நாட்டில் மயில்களால் பெருந்தொல்லை என்பதை அறிவோம்; மயிலும் யானையும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின்மீது குறி வைப்பதைக் கனவிலும் நினைக்கலாகாது. அப்படியாயின் துப்பாக்கி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. நாமும் இதை மேலதிகாரிகள் கூட்டத்தில் எழுப்பியதுண்டு. வெடியோசையால் விரட்டுவதற்கே என்றால், அதற்கு இத்தனை காகிதங்கள் வேண்டாத வேறு வழிகள் இருக்கின்றன என்பதே நம் சொந்த அபிப்பிராயம். ஆகவே லைசென்ஸுக்கு மனுச் செய்யுமுன், உங்கள் நிலம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வனச் சரக அலுவலகத்தில் கேட்டறிந்து, அதன் பின்னர் பணத்தைச் செலவிடுவது நல்லது.

கடைசியாக, விற்பனை இன்றியே கைமாறும் துப்பாக்கிகளைப் பற்றிச் சிறிது. லைசென்ஸ் உள்ளவர் இறந்தால் லைசென்ஸ் மகனுக்குத் தானே இறங்காது. வீட்டார் தாமதமின்றித் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பின்னர் வாரிசு தம் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 70 வயது நிறைந்தவரோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ, தாம் உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு அதை மாற்றித்தர விண்ணப்பம் செய்யவும் 2016 விதிகளில் வழி உண்டு.

நாம் முதலிற் சொன்ன வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், அதே ஊரைச் சேர்ந்த விதவை அம்மையார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அட்டத்தில் துணி சுற்றிய துப்பாக்கி ஒன்று இருப்பதாகவும், பக்கத்து வீட்டு விஷயத்தைக் கேட்டதிலிருந்து அதைத் தொடவே அஞ்சுவதாகவும் சொன்னார். அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலரும் உறுப்பினர் ஒருவரும் உடன் சென்றனர். நிலையத்தார் வீட்டுக்கே வந்து துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தனர். கோல் இறக்கிப் பார்த்தபோது உள்ளே மருந்து இருந்தது.